அறுகம்பையில் ஆறு நாள்: தங்கிய வீடு, கற்ற அலை, சாப்பிட்ட சாப்பாடு

மட்டக்களப்பு கல்லடியில் பஸ் ஏறி, அக்கரைப்பற்றில் மாறி, திருக்கோவில், கோமாரி எல்லாம் தாண்டிப் பொத்துவிலில் இறங்கும்போது பகல் பதினொன்றரை. எங்கள் வீட்டிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்தான். இருந்தும் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நான் அறுகம்பைக்குப் போனதில்லை. "அது வெள்ளைக்காரன் இடம், நமக்கு அங்க என்ன வேலை" என்று அப்பா சொல்வார், மாமா சொல்வார், பிறகு நானும் சொல்லப் பழகிவிட்டேன். இந்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் பதினான்கு வயது மகள் அலைச்சறுக்குக் கற்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால்தான் போனோம்.

குடும்பத்தோடு, பெண் பிள்ளைகளோடு, அளவான காசோடு போக நினைத்து, சரிப்பட்டு வருமா என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரிப்பட்டு வரும். எந்த வீட்டில் தங்குகிறோம், யாரை நம்பிக் கடலில் இறங்குகிறோம் என்ற இரண்டையும் மட்டும் கவனமாகப் பாருங்கள்.

பொத்துவிலில் இருந்து ஆட்டோவில் ஐந்து, பத்து நிமிடம். வழியில் களப்புக்கு மேலே ஒரு பெரிய பாலம் வரும். 2004 சுனாமியில் பழைய பாலம் உடைந்து, பிறகு அமெரிக்க உதவியில் கட்டியது. பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் கடல், வலது பக்கம் களப்பு, தூரத்தில் எருமைகள். ஆட்டோக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பாலம் தாண்டினால் வருகிற ஊருக்கு உள்ளூர்ச் சனம் சொல்கிற பெயர் உல்லை. அறுகம்பை என்பது குடாவுக்குப் பெயர், அறுகம்புல்லின் அறுகுதான். ஊரில் பெரும்பாலும் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள். கடையில், ஆட்டோவில், கடற்கரையில் ஆறு நாளும் எனக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. "வெள்ளைக்காரன் இடம்" என்று இத்தனை வருடம் சொல்லிவந்தது அந்த முதல் மணித்தியாலத்திலேயே வெட்கமாகப் போய்விட்டது.

சரி, வீடு. என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் தொலைபேசி எண் தந்தார். பெயர்ப்பலகை கிடையாது, இணையத்திலும் இல்லை. பிரதான வீதியிலிருந்து மணல் ஒழுங்கை ஒன்றில் இறங்கி, தென்னங்கிடுகு வேலிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. அதன் பின்வளவில் நான்கு அறைகள். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். எல்லோரும் உம்மா என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மின்விசிறி அறை இரவுக்கு 5,500 ரூபா, காலைச் சாப்பாட்டோடு. கடல் முந்நூறு அடி தூரம்கூட இல்லை. கட்டிலுக்கு நுளம்பு வலை இருந்தது, அதில் ஓட்டை இல்லை. விரிப்பு வெயிலில் காய்ந்த வாசத்தோடு இருந்தது. குறை சொல்வதென்றால், குளிக்கிற தண்ணீர் உவர். தலைமுடி மூன்றாம் நாள் தும்பு மாதிரி ஆகிவிடும், தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள். குளியலறை வெளியே, முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும். இரவில் சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். குளிரூட்டி வேண்டுமென்றால் இந்த மாதிரி வீடுகள் உங்களுக்குச் சரிவராது.

ஆனால் காலைச் சாப்பாடு! உம்மா விடிய ஐந்தரைக்கே அடுப்படியில் இருப்பார். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் குழைத்த மாவை உள்ளங்கையில் வைத்து, விரல் நுனியால் தட்டித் தட்டி, இரும்புத் தகட்டில் போடுவார். ரொட்டியின் ஓரம் முதலில் வெளுக்கும், பிறகு நடுவில் கறுப்புப் புள்ளிகள் வரும். அப்போது கையாலேயே திருப்புவார், அகப்பை கிடையாது. அதோடு அன்றைக்குக் கரைக்கு வந்த மீனில் ஆணம், அதாவது குழம்பு. முதல் நாள் பாரை, அடுத்த நாள் சூரை, ஒரு நாள் பெயர் தெரியாத ஒரு சிவப்பு மீன். ஆணத்தில் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ரொட்டிக்கு அதுதான் சரி. கடைசியில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும். வீட்டில் காலையில் ஒரு துண்டுப் பாணோடு ஓடுகிற என் மகள் அங்கே நான்கு ரொட்டி தின்றாள்.

இனி அலைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் என் கதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் கல்லடிக்காரி. 2004 டிசம்பர் 26-இல் எனக்கு இருபத்தொரு வயது. அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட நான் நின்றதே இல்லை. மகள் கற்கட்டும், நான் கரையில் இருந்து பார்க்கிறேன் என்றுதான் போனேன். பேபி பொயின்ட் என்கிற இடத்தில், மீன்பிடி வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கிற மணலுக்குப் பக்கத்தில், வேலியில் பத்துப் பதினைந்து போர்டுகளைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒரு தம்பி இருந்தார். உம்மாவின் சொந்தக்காரர். வயது இருபத்தைந்து இருக்கும். ஒன்றரை மணித்தியால வகுப்புக்கு ஒருவருக்கு 5,000 ரூபா, போர்டும் அதற்குள். நாங்கள் நான்கு நாள் சொன்னதால் 4,000-க்கு வந்தது.

அவர் செய்த முதல் நல்ல காரியம், உடனே தண்ணீருக்குள் இறக்காதது. மணலில் விரலால் போர்டின் உருவத்தைக் கீறி, அதன்மேல் குப்புறப் படுக்க வைத்தார். கைகள் விலாவோடு, நெஞ்சு தூக்கி, ஒரே பாய்ச்சலில் எழும்பவேண்டும். எந்தக் கால் முன்னுக்கு என்று தெரிய, மகளை நேராக நிற்கச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் லேசாகத் தள்ளினார். வலது கால் முன்னே போனது. "அதுதான் உங்கட முன்கால் தங்கச்சி. போர்ட காலோட கட்டுற லீஷ் கயிறு மற்றக் கால்ல." பிறகு விழுகிற விதம். தலைகீழாகப் பாயக்கூடாது, தட்டையாக விழவேண்டும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வரவேண்டும், ஏனென்றால் போர்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அலைக்கும் உடம்புக்கும் நடுவில் போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது. இருபது நிமிடம் இதே பாடம். அதற்குள் பக்கத்தில் வேறு ஆட்கள் வந்த புதுப் பிள்ளைகளை ஐந்து நிமிடத்தில் தண்ணீருக்குள் அனுப்புவதையும் பார்த்தேன். வகுப்புக்குக் காசு கட்டுமுன் கரையில் எவ்வளவு நேரம் சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். ஆளைத் தெரிவுசெய்ய அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

வகுப்பின் இரண்டாம் நாள் அவர் என்னிடம் வந்து, "அக்கா, சும்மா தண்ணிக்குள்ள இருந்து எண்ணிப் பாருங்க, போர்டு வேணாம்" என்றார். எதை எண்ணுவது? அலையை. இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை, மணலில் குந்தியிருந்து எண்ணினேன். சின்னதாக வந்துகொண்டே இருக்கும், பிறகு ஐந்தாறு அலை பெரிதாகச் சேர்ந்து வரும், பிறகு கடல் அமரும். திரும்பவும் அப்படியே. அலைகள் கூட்டமாக வருகின்றன, நடுவில் ஓய்வு இருக்கிறது, அந்த ஓய்வில்தான் ஆட்கள் உள்ளே போகிறார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. இருபது வருடமாக நான் கடலுக்கு முகம் கொடுத்து ஒழுங்காக இருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு என்ன பயம் என்று அந்தத் தம்பி கேட்கவில்லை. போகும்போது மட்டும், "எனக்கு அப்ப நாலு வயசு, வாப்பாட தோள்ல இருந்தனாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் நானும் போர்டில் படுத்தேன். ஒன்பது அடி, மேலே பஞ்சு மாதிரி மெத்தென்ற போர்டு, புதியவர்களுக்கு அதுதான். மெழுகு தேய்த்த இடம் கன்னத்தில் பட்டுச் சொரசொரத்தது, அதில் தேங்காய் வாசம். தம்பி நெஞ்சளவு தண்ணீரில் நின்று வாலைப் பிடித்திருந்தார். பின்னால் அலை வருகிற சத்தம் கேட்கும், திரும்பிப் பார்க்கக்கூடாது. "வலிங்க அக்கா, வலிங்க!" வள்ளக்காரர் தண்டு வலிக்கச் சொல்கிற அதே சொல். கையை வலித்தேன். பின்னங்காலடியில் போர்டு தூக்கிற்று, நுரை இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு முந்தியது, சத்தம் எல்லாம் முன்னுக்குப் போய்விட்டது. நான் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடி கரை மட்டும் வந்து மணலில் முட்டி நின்றேன். மகள் கரையில் நின்று கத்திய கத்தல் வள்ளத்தடியில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஆட்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. நான்காம் நாள் மூன்று முறை எழுந்து நின்றேன். மகள் எத்தனை முறை என்று எண்ண முடியாது. "கால பாக்காதீங்க, கரைய பாருங்க" என்ற அவருடைய ஒரு சொல்லுக்கே அந்த நான்காயிரம் தகும்.

பெண்களுக்கு ஒரு விஷயம். உடுப்பு பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். நானும் மகளும் நீளக்கை ரீசேர்ட்டும் முழுநீள லெக்கின்ஸும் போட்டுத்தான் இறங்கினோம், யாரும் ஒரு மாதிரியும் பார்க்கவில்லை. வெயிலுக்கும் அதுதான் நல்லது. நாட்டின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. தலையை மூடிக்கொண்டு போர்டோடு நடந்து போகிற உள்ளூர்ப் பிள்ளையை ஒரு காலையில் நாங்களே பார்த்தோம். மகள் அவளிடம் பேசிவிட்டு வந்து அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குறை: கடற்கரையில் பெண்கள் உடுப்பு மாற்ற ஒழுங்கான இடம் இல்லை. ஈர உடுப்போடு வீட்டுக்கே நடக்கவேண்டும். இதைப் பிரதேச சபை கவனித்தால் நம் பெண்கள் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

மெயின் பொயின்ட் குடாவின் தெற்கு முனையில். இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்ததே அந்த அலையால்தான், 2019-இல் உலக சர்ஃப் லீக்கின் போட்டி அங்கே நடந்தது. தெற்கே தூரக் கடலில் கிளம்பிய அலை முனையில் முட்டி, வளைந்து, முனையிலிருந்து குடாவுக்குள் வரிசையாக உடைந்துகொண்டு வரும். ஒரே நேரத்தில் பொத்தென்று விழாது, பாய் சுருட்டுவது போல ஒரு பக்கத்திலிருந்து சுருண்டு வரும். அதனால்தான் ஒரே அலையில் இவ்வளவு தூரம் ஓட முடிகிறது. கீழே பாறையும் முருகைக்கல்லும், புதியவர்கள் இறங்கவே கூடாது. ஆனால் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாறையில் இருந்து பாருங்கள், சூரியன் கடலிலிருந்தே எழும். அந்த நேரத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி வைத்திருக்கும். மட்டக்களப்பில் கச்சான் வீசினால் தூசியும் வியர்வையும்தான் என்று சலித்துக்கொள்கிறோம். இங்கே அதே காற்றுக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று திரும்பிவிடும், அலை குலைந்துவிடும். வகுப்பை விடியவே வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் என்றதும் இன்னொன்று. தெற்கே பாணமை வீதியில் பீனட் பாம் என்ற ஓர் அலை இடம் இருக்கிறது, அதாவது கச்சான் (நிலக்கடலை) தோட்டம். ஆட்டோவில் போய்வர 2,500 ரூபா கேட்டார்கள், காத்திருப்பும் சேர்த்து 2,000-க்குப் பேசிப் போனோம். பிரதான ஊரைவிட அமைதி, நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். போகும் வழியில் எலிஃபன்ட் ரொக். பாறையில் ஏறிப் பார்க்கலாம், ஆனால் அங்கே கடலோடு சேர்கிற நீர்நிலைப் பக்கம் பிள்ளைகளை விடவேண்டாம். முதலை உண்டு. 2017-இல் பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவர் அந்தப் பகுதியில்தான் முதலையால் இறந்தார். உம்மா இதை எங்களுக்கு மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

வடக்கே விஸ்கி பொயின்டுக்கு ஒரு பின்னேரம் போனோம். அலை புதியவர்களுக்கு நல்லது, பாட்டுச் சத்தம் எங்களுக்குச் சரிவரவில்லை. பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள், இரண்டு மணித்தியாலம். எஞ்சின் கிடையாது, கோலால் ஊன்றித்தான் போவார்கள். தாராளமாகப் போகலாம்.

இனிக் குறைகள். ஊருக்கு வந்த முதல் நாள், தம்பியைத் தெரியுமுன், பிரதான வீதியில் ஒரு கடையில் மகளுக்கு ஒரு நாள் வாடகைக்குப் போர்டு எடுத்தேன். 2,000 ரூபா. திருப்பிக் கொடுக்கும்போது அடியில் ஒரு வெடிப்பைக் காட்டி, நீங்கள்தான் உடைத்தது, 15,000 தாருங்கள் என்றார்கள். அந்த வெடிப்பின் ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது, உள்ளே பழைய மணல் இறுகிக் கிடந்தது. ஒரு நாளில் அப்படி ஆகாது. அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டு, கடைசியில் 3,000 கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்றும் எரிகிறது. எடுக்கும்போதே போர்டின் மேல், கீழ், ஓரம், அடியில் உள்ள துடுப்பு எல்லாவற்றையும் கடைக்காரருக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, கடலைப் பார்த்த ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. நாங்கள் முதலில் போய் இருந்தோம். பிறகு வந்த இரண்டு மேசைக்குச் சாப்பாடு போயிற்று, எங்களுக்கு விலைப்பட்டியலே வரவில்லை. வந்தபோது கோழிக் கொத்து 2,800. ருசி சுமார், கொத்து முழுவதும் சோஸ் வாசம். சொந்த மண்ணில் நம் ஆட்களே நம்மைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது மனத்தைச் சுட்டது, அதை அந்த இடத்திலேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த நாளிலிருந்து பகலுக்குப் பாலத்தடிப் பக்கம் உள்ள சின்னச் சோற்றுக் கடைகள்: சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீன், 600 ரூபாவுக்குள். இரவுக்கு உம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டால் பிட்டும் இறால் கறியும் செய்துதருவார், ஒருவருக்கு 900.

வெள்ளி, சனி இரவுகளில் கடற்கரைப் பக்கம் பாட்டு நள்ளிரவு தாண்டும். ஒழுங்கைக்குள் தங்கினால் அவ்வளவு கேட்காது. கடலை ஒட்டிய அறைக்குக் கூடக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம்.

போகிற காலம்: சித்திரைக்குப் பிறகு ஒக்டோபர் வரைக்கும். ஓகஸ்டில் சனம் அதிகம், பேபி பொயின்டில் ஒரே அலையில் நான்கு பேர் எழும்புகிறார்கள். அலை உடைகிற இடத்துக்குக் கிட்ட யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை, மற்றவர் விடவேண்டும் என்பது வழக்கம். புதியவர்கள் நடுவில் அதை யாரும் பார்ப்பதில்லை. மேயில் போனால் இடம் கிடைக்கும் என்று தம்பி சொன்னார். மாரியில் போகவேண்டாம், வாடைக்காற்றும் மழையும், கடைகளும் பாதி பூட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள் உகந்தமலைக்குப் போனோம், குமண சரணாலய வாசலுக்குப் பக்கத்தில். என் அம்மம்மா கதிர்காமத்துக்கு நடந்து போனவர். உல்லை தாண்டி, பாணமை தாண்டி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். ஆடி மாதக் கதைகளில் சின்ன வயதில் நான் கேட்ட அந்த மணல் பாதை, அந்தப் பாறை, எல்லாம் அப்படியே இருந்தன. கோயிலுக்கு அடுத்த கடற்கரையிலும் இரண்டு வெளிநாட்டுப் பெடியன்கள் போர்டோடு அலைக்குக் காத்திருந்தார்கள். மகள் கோயிலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மம்மா இந்த வழியாகத்தான் நடந்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மொத்தச் செலவு இருவருக்கும், பஸ், ஆட்டோ, வகுப்பு, அறை, சாப்பாடு, அந்த 3,000 எல்லாம் சேர்த்து தொண்ணூறாயிரத்துக்குள் வந்தது. வகுப்பைக் குறைத்தால் இன்னும் இறங்கும்.

புறப்படுகிற காலை, அடுத்த மேக்கு அறை வேண்டும், முற்பணம் தருகிறேன் என்று உம்மாவிடம் காசை நீட்டினேன். அவருடைய கை முழுக்க மா. "வரக்குள்ள தா மகள், இப்ப ரொட்டி ஆறுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.